திருடன் ஒருவன், பல்லிகள் ஆயிரம்

பூட்டிய வீட்டில் திருட்டு நடந்த செய்தியில் இரண்டு வரிகள் அடிக்கடி தென்படும். மோப்ப நாயை ஏமாற்ற மிளகாய்ப் பொடி தூவியிருந்தார்கள் என்பது ஒன்று. போகும்போது சிசிடிவி பதிவாகும் டிவிஆர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது மற்றொன்று. முதலாவது பழைய தந்திரம். இந்திய வீடுகளின் பாதுகாப்புச் சந்தை இன்று எங்கே நிற்கிறது என்பதை இரண்டாவது வரி சொல்லிவிடுகிறது. நாம் வாங்கி மாட்டியிருப்பது பெரும்பாலும் பார்க்கும் கருவி. அது பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஓடி வர ஆள் இல்லை.

இந்தத் துறையின் எதிர்காலம் பற்றி ஆண்டுதோறும் சந்தை அறிக்கைகள் வருகின்றன. எல்லாவற்றிலும் கோடு மேலேதான் ஏறும். எவ்வளவு செங்குத்தாக என்பதில் மட்டும் அறிக்கைக்கு அறிக்கை வேறுபாடு இருக்கும். அந்த எண்களுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. அவற்றைவிட முக்கியமானது, விற்கப்படும் பொருளே மாறிக்கொண்டிருப்பது. இதுவரை கடையில் கண்ணை விற்றார்கள். இனி விற்கப்போவது தீர்ப்பு. இரவு இரண்டு மணிக்கு முற்றத்தில் ஏதோ அசைந்ததே, அது வீட்டுக்காரரை எழுப்பத் தகுந்ததா என்ற தீர்ப்பு. கண்ணைச் செய்வதைவிட இதைச் செய்வது பல மடங்கு கடினம்.

இந்தத் தொழில் தொடங்கியபோது அதில் கண்ணே கிடையாது. 1853இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்ற பாதிரியார் மின்காந்த அலாரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கதவோ ஜன்னலோ திறந்தால் மின்சுற்று இணையும், மின்காந்தம் சுத்தியலை இழுக்கும், மணி அடிக்கும். அந்த உரிமையை 1857இல் எட்வின் ஹோம்ஸ் என்பவர் விலைக்கு வாங்கி, பாஸ்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் வியாபாரமாக்கினார். வீட்டிலிருந்து கம்பியை ஒரு நடு அலுவலகத்துக்கு இழுத்து, அங்கே இரவெல்லாம் ஆளை உட்கார வைத்தபோதுதான் தொழில் உருப்பெற்றது. 1874ஐத் தன் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொள்ளும் ஏடிடி நிறுவனம் தந்திக் கம்பிகளை வைத்து இதையே செய்தது. கட்டணம் கட்டியவர் வீட்டில் மணி அடித்தால் யாரோ புறப்பட்டு வருவார். கருவி பாதி, வருகிற ஆள் மறுபாதி.

அந்த மறுபாதியை நம்ப முடியாமல் போன இடத்தில்தான் கேமரா வீட்டுக்குள் வந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசித்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன். பணி நேரம் ஏறுமாறானது. பல இரவுகள் வீட்டில் தனியாக இருப்பார். கூப்பிட்டால் போலீஸ் வந்துசேர நேரமாகும் வட்டாரம் அது. அவரும் மின்னணுத் தொழில்நுட்பம் தெரிந்த கணவர் ஆல்பர்ட் பிரவுனும் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969 டிசம்பரில் பெற்றார்கள். கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள், அவற்றின் பின்னால் ஏறி இறங்கும் கேமரா, படுக்கையறையில் டிவி, வந்தவரோடு பேச ஒலிவாங்கி, தெரிந்தவர் என்றால் தாழைத் திறக்க ஒரு பொத்தான், ஆபத்து என்றால் அழுத்த இன்னொன்று. இன்றைய வீடியோ காலிங் பெல்லில் இதில் இல்லாத அம்சம் எது என்று தேடினால் கையில் அதிகம் சிக்காது. ஜேமி சிமினாஃப் என்பவர் 2013இல் ஒரு தொலைக்காட்சி முதலீட்டு நிகழ்ச்சிக்கு இதே யோசனையின் வைஃபை வடிவத்தைக் கொண்டு போய்ப் பணம் கிடைக்காமல் திரும்பினார். அதுதான் ‘ரிங்’ ஆகி, 2018இல் சுமார் 100 கோடி டாலருக்கு அமேசான் கைக்குப் போனது. பிரவுன் தம்பதியின் கருவி அவர்கள் காலத்தில் கடைக்கு வந்து விற்பனையாகவில்லை.

தீர்ப்பு ஏன் கடினம் என்பதற்கு அமெரிக்கக் காவல்துறையின் அனுபவமே சான்று. அங்கே அலாரம் வீட்டுக்கு வீடு பரவிய பிறகு, காவல் நிலையத்துக்கு வந்த அலாரம் அழைப்புகளில் 94 முதல் 98 விழுக்காடு வரை பொய் அழைப்புகள் என்று அந்நாட்டு நீதித்துறை வெளியிட்ட கையேடு சொல்கிறது. சலித்துப்போன சால்ட் லேக் சிட்டி 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. யாராவது நேரில் பார்த்து உறுதி சொன்னால் ஒழிய, வெறும் அலாரத்துக்குப் போலீஸ் வராது.

இத்தனை பொய் எங்கிருந்து வருகிறது? அறை மூலையில் வெள்ளை நிறத்தில் சிறு பெட்டியாக ஒட்டியிருக்கும், ஆள் அசைவை அறியும் பிஐஆர் உணரியைத் திறந்து பார்த்தால் தெரியும். நம் தோல் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அந்த வெப்பத்தில் உள்ள எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வீசும். கதிர்வீச்சு மிகுதியாக இருக்கும் அலைநீளம் 9.4 மைக்ரான். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிடப் பத்து, இருபது மடங்கு நீளம். வெப்பம் மாறினால் மின்னேற்றம் தரும் படிகத் துண்டுகள் இரண்டு உள்ளே இருக்கின்றன. இரண்டையும் எதிரெதிராக இணைத்திருப்பார்கள். வெயில் ஏறி அறை முழுவதும் சூடானால் இரண்டிலும் ஒரே அளவு மாற்றம் வந்து ஒன்றையொன்று அடித்துவிடும். ஆள் குறுக்கே நடந்தால் அவர் உடம்பின் கதிர் முதலில் ஒன்றிலும் அடுத்து மற்றதிலும் விழும். மேலே ஒரு துடிப்பு, கீழே ஒரு துடிப்பு. அதுதான் ‘ஆள்’ என்பதற்கு அந்தப் பெட்டி அறிந்த ஒரே அடையாளம்.

முன்னால் தெரியும் வரிவரியான வில்லை கண்ணாடியில் செய்ததில்லை, பாலிதீன் பிளாஸ்டிக். 9 மைக்ரான் கதிர் கண்ணாடியை ஊடுருவாது. ஆகவே ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நிற்பவரை இந்த உணரி அறியாது. அசையாமல் நிற்பவரையும் அறியாது. உணரியை நோக்கி நேராக வருபவரை, குறுக்கே போகிறவரை அறியும் அளவுக்கு அறியாது. நல்ல ஃபிட்டர் வாசலுக்கு எதிர்ச் சுவரை விட்டுப் பக்கச் சுவரில் மாட்டுவது இதனால்தான்.

இந்தக் கருவி குளிர்நாட்டுக்கு ஏற்றபடி உருவானது என்று எனக்கு ஓர் எண்ணம். பின்னணிச் சுவருக்கும் உடம்புக்கும் உள்ள வெப்ப வேறுபாடுதான் அதற்குத் தீனி. பனிக்காலத்து லண்டனில் சுவர் 15 டிகிரி, ஆள் 34. சித்திரை மாதத்து வேலூரில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் சுவரே 35, 36. திருடன் சுவரின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வந்த கதைதான். அதே வீட்டில் உணரியின் மேல் ஒரு பல்லி ஊர்ந்தால், வில்லைக்கு மிக அருகில் இருப்பதால், அது அறையின் குறுக்கே ஓடும் மனிதனுக்கு நிகரான துடிப்பைக் கொடுத்துவிடும். தமிழ்நாட்டில் பல்லி இல்லாத சுவர் எங்கே இருக்கிறது?

இரவில் கேமராவுக்கும் இதே தொல்லை வேறு வகையில் வரும். இருட்டில் அது நம் கண்ணுக்கு ஏறத்தாழத் தெரியாத 850 அல்லது 940 நானோமீட்டர் ஒளியைத் தானே வீசி, திரும்பி வருவதைப் படமாக்குகிறது. வில்லைக்கு ஒரு சாண் முன்னால் சிலந்தி வலை கட்டினால் அந்த ஒளி வலையில் பட்டுப் படம் முழுவதும் வெளுத்துப்போகும். பூச்சி ஒன்று பறந்தால் அது திரையில் கைப்பந்து அளவு தெரியும். பழைய கேமராக்கள் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் எத்தனை புள்ளிகள் மாறின என்று மட்டும் எண்ணி ‘அசைவு’ என்று அறிவிக்கும். இந்த அறிவிப்பு முதல் வாரம் செல்போனில் ஐம்பது அறுபது தடவை வரும். இரண்டாவது வாரம் வீட்டுக்காரர் அதை நிறுத்தி வைப்பார்.

இதில் பொறியாளர்களின் சாமர்த்தியக் குறைவைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு கணக்குப் போடுவோம். நெதர்லாந்தில் நடந்த ஆய்வொன்றின்படி அங்கே ஓராண்டில் புது வீடுகளில் ஏறத்தாழ 100க்கு ஒன்றில் திருட்டு நடந்தது. நாம் தாராளமாக, ஒரு வீட்டுக்குப் பத்தாண்டுக்கு ஒரு முறை திருடன் வருவதாக வைத்துக்கொள்வோம். பத்தாண்டு என்றால் சுமார் 3,650 இரவுகள். நம் கருவி மிக உயர்ந்த தரம். வந்த திருடனை 100க்கு 99 வாய்ப்பில் பிடித்துவிடும், திருடன் வராத இரவில் 100க்கு ஒன்றில்தான் தவறாகக் கத்தும். பத்தாண்டில் உண்மையான அலாரம் ஒன்று. பொய் அலாரம் 36. மணி அடிக்கும்போது அது உண்மையாக இருக்க 37இல் ஒரு பங்கு வாய்ப்பு. அதாவது அலாரங்களில் 97 விழுக்காடு பொய்! கருவி 99 விழுக்காடு சரியாக இருந்தும் இந்தக் கதி. அமெரிக்கப் போலீஸ் கண்ட எண்ணும் இதுவே. அரிதாக நடப்பதைத் தேடும் எந்தச் சோதனைக்கும் இந்த விதி பொருந்தும். அபூர்வ நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் இதில்தான் மாட்டிக்கொள்கிறது.

இதிலிருந்து வெளியேற நல்ல வழி, தவறுகளின் காரணம் வெவ்வேறாக உள்ள இரண்டு உணரிகளைச் சேர்ப்பது. வெப்பத்தைப் பார்க்கும் ஒன்று, நுண்ணலை எதிரொலியைப் பார்க்கும் ரேடார் இன்னொன்று. இரண்டும் ஒரே சமயத்தில் ஆமோதித்தால்தான் மணி. ஒவ்வொன்றும் 100 இரவில் ஒரு முறை தவறினால், இரண்டும் சேர்ந்து தவறுவது 10,000 இரவில் ஒரு முறை. பத்தாண்டில் ஒரு பொய்கூட வராமல் போகலாம். ஆனால் இரண்டின் தவறுக்கும் பொதுக் காரணம் இருக்கக்கூடாது. வெப்ப உணரியை மயக்கும் பல்லி ரேடாரை அவ்வளவாக மயக்காது என்பதால்தான் இந்தக் கூட்டணி எடுபடுகிறது.

அடுத்த வழி, இப்போது எல்லாப் பெட்டிகளின் மேலும் அச்சடித்திருக்கும் செயற்கை நுண்ணறிவு. லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த நரம்பியல் வலையமைப்பு மனிதன், நாய், வண்டி என்று பிரித்துச் சொல்லும். பூச்சியும் மர நிழலும் கழிந்துபோகும். இது பெரிய முன்னேற்றம்தான். பால்காரரும் பேப்பர் போடுகிற பையனும் மனிதர்கள் என்பதால், கடைசிப் படி மிச்சமிருக்கிறது: இந்த மனிதர் இந்த நேரத்தில் இங்கே வரவேண்டியவரா?

இந்தத் தீர்ப்பை எங்கே வைத்து எழுதுவது என்பதில்தான் இன்றைய வியாபாரப் போட்டி. ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் ஓடினால் நாளொன்றுக்கு 21.6 ஜிபி சேரும். நான்கு கேமரா என்றால் 86 ஜிபி. ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பிவிடும். எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றினால் மாதம் 2,600 ஜிபி ஆகும். ‘அளவில்லா’ பிராட்பேண்டு என்று விற்கப்படும் திட்டங்கள் பலவற்றின் உச்சவரம்பே 3,300 ஜிபிதான். எனவே தொடர்ந்து ஏற்றுவது கட்டுப்படியாகாது. கேமராவுக்குள் இருக்கும் சிப்பே பார்த்து முடிவெடுத்து, சந்தேகமான பத்து விநாடித் துண்டை மட்டும் மேலே அனுப்பும் ஏற்பாடு பரவி வருகிறது. டிவிஆரைத் தூக்கிக்கொண்டு போகிற திருடனுக்கும் இது ஓரளவு பதில்; அவன் பெட்டியை அவிழ்ப்பதற்குள் அவன் முகம் ஊரைத் தாண்டியிருக்கும். நிறுவனங்களுக்கு இதில் வேறு ஆசையும் உண்டு. இரண்டாயிரம் ரூபாய்க் கேமராவில் லாபம் சொற்பம். அந்தப் பத்து விநாடித் துண்டைச் சேமித்து வைக்க மாதாமாதம் வரும் சந்தாவில்தான் வருமானம் இருக்கிறது. அம்சங்கள் ஒவ்வொன்றாகக் கருவியிலிருந்து சந்தாவுக்கு இடம்பெயர்வதை இனி நிறையப் பார்ப்போம்.

பார்ப்பவனை யார் பார்ப்பது என்ற சங்கடமும் கூடவே வருகிறது. ரிங் ஊழியர் ஒருவர் பெண் வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான காட்சிகளைப் பார்த்தார் என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றம்சாட்டியது; 2023இல் நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. அதற்கு முன்பே 2016இல் ‘மிராய்’ என்ற நச்சுநிரல் செய்த வேலை இன்னும் விநோதமானது. ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கருவிகளை உலகெங்கும் தேடியது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சம் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் மட்டுமே. அதைக்கொண்டே லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் தன் படையாக்கியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்குத் திறக்காமல் போனதில், யாரோ வீட்டு வாசலைக் காப்பதற்காக மாட்டிய கேமராக்களுக்கும் பங்குண்டு.

இந்தியாவில் அரசு விழித்துக்கொண்டதற்குச் சீனா காரணம். அரசு நிறுவனங்களில் சுமார் 10 லட்சம் சீன நிறுவனக் கேமராக்கள் இருப்பதாக 2021இல் நாடாளுமன்றத்தில் அமைச்சர் சொன்னார். 2024 ஏப்ரலில் புதிய விதி அறிவிக்கப்பட்டு, அவகாசம் நீண்டு, 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் விற்கப்படும் சிசிடிவி கேமராவின் வன்பொருள், மென்பொருள், மூலநிரல் எல்லாம் அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் தேர்வாக வேண்டும். சந்தை சட்டென்று திசை திரும்பியது. சிபி பிளஸ் கேமராக்களைச் செய்யும் ஆதித்யா இன்ஃபோடெக் நிறுவனத்தின் தொழிற்சாலை ஆந்திராவின் கடப்பாவில் இருக்கிறது. அதன் பங்கு 2025 ஆகஸ்டில் 675 ரூபாய் வெளியீட்டு விலையோடு சந்தைக்கு வந்து, முதல் நாளே 1,000 ரூபாய்க்கு மேல் தொடங்கியது. சீனாவின் தாஹுவா கேமராக்களை இங்கே விநியோகித்து வந்ததும் இதே நிறுவனம்தான் என்பதை இந்தக் கதையின் ஓரத்தில் எழுதி வைக்கலாம்.

விதி நல்ல விதி. ஆனால் அது ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது. தெருவில் பத்து வீட்டுக்கு மாட்டும் ஃபிட்டர் நினைவில் வைக்க எளிதென்று பத்துக்கும் ஒரே கடவுச்சொல் போட்டால், ஆய்வகச் சான்றிதழ் அதைத் தடுக்காது. பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் ஒன்று செய்திருக்கிறது. எல்லாக் கருவிக்கும் பொதுவான ஆலைக் கடவுச்சொல் அங்கே சட்டவிரோதம். எத்தனை ஆண்டு வரை பாதுகாப்பு மேம்படுத்தல் தருவோம் என்பதையும் விற்பவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது விதி நமக்கு அவசரமாகத் தேவை என்பேன். மேம்படுத்தல் நின்றுபோன கேமரா, கெட்டுப்போனதாக வெளியே தெரியாது. படம் நன்றாகவே வரும்.

சரி, இத்தனையும் திருட்டைக் குறைக்கிறதா? வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாக ஆய்வாளர்கள் சிறையிலிருந்த 422 வீட்டுத் திருடர்களிடம் கேட்டார்கள். 100க்கு 83 பேர் அலாரம் இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்ப்பதாகவும், இருந்தால் வேறு வீடு தேடுவதாக 60 பேரும் சொன்னார்கள். அலாரம் வைத்தவருக்கு மகிழ்ச்சி, பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை. பொது இடக் கேமராக்கள் பற்றி நாற்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த மதிப்பீடு, குற்றம் சராசரியாக 13 விழுக்காடு குறைந்ததாகச் சொல்கிறது. வாகன நிறுத்துமிடங்களில் பலன் அதிகம், வன்முறைக் குற்றங்களில் சொல்லத்தக்க பலன் இல்லை.

என்னை வியக்க வைத்தது மேலே சொன்ன நெதர்லாந்து ஆய்வு. 1999 முதல் அங்கே கட்டப்படும் எல்லாப் புது வீடுகளிலும் கதவும் ஜன்னலும் எளிதில் நெம்ப முடியாதபடி இருக்க வேண்டும் என்று கட்டட விதி கொண்டுவந்தார்கள். கேமரா இல்லை, சந்தா இல்லை. புது வீடுகளில் திருட்டு ஆண்டுக்கு 1.1 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆக, ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. திருடர்கள் பழைய வீடுகளுக்கு நகர்ந்ததற்கான தடயத்தையும் ஆய்வாளர்கள் காணவில்லை. புது வீட்டுக்கு நாற்பதாயிரம் ரூபாயில் கேமரா போடுபவர் அதே வீட்டின் பின்கதவுக்கு நானூறு ரூபாய்த் தாழ்ப்பாளோடு நிறுத்திக்கொள்வதை நினைத்தால், இந்த ஆய்வு தமிழில் சுவரொட்டியாக வரவேண்டும் என்று தோன்றுகிறது.

ஓடி வரும் ஆளுக்கு வருவோம். அமெரிக்க வகைக் கண்காணிப்புச் சேவை இந்தியாவில் வங்கிகளையும் நகைக்கடைகளையும் தாண்டி வீடுகளுக்குப் பெரிதாகப் பரவவில்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும்படி நம் போலீஸ் கேட்டுக்கொள்கிறது. ஆந்திரக் காவல்துறை இன்னும் ஒரு படி போய், பூட்டிய வீட்டைக் கண்காணிக்கத் தனிச் செயலி வைத்திருக்கிறது. வெளியூர் போகிறவர் கேட்டால் போலீஸே வந்து அசைவறியும் கேமராவை வீட்டுக்குள் வைக்கும். வீடு பூட்டியிருப்பது உறுதி என்பதால் உள்ளே அசைவு என்றாலே சந்தேகம்தான். பால்காரர் சிக்கல் இங்கே எழவே எழாது. கணக்குப்படி பார்த்தால் மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

தமிழ்நாட்டில் வீட்டுக்குள் கேமரா வாங்குகிறவர்களில் பலர் திருடனை நினைத்து வாங்குவதில்லை. பிள்ளைகள் டல்லாஸிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள், அம்மாவும் அப்பாவும் கும்பகோணத்தில் தனியே இருக்கிறார்கள். அடுத்த கட்ட வளர்ச்சி இந்தத் திசையில் வரும் என்பது என் கணிப்பு. அதற்கான கருவி கேமராவாக இருக்கவும் தேவையில்லை. 60 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளம் 5 மில்லிமீட்டர். மூச்சு விடும்போது மார்பு எழுந்து தாழும் சில மில்லிமீட்டர் அசைவையே அது அறியும். குளியலறையில் ஒருவர் விழுந்தால் படம் எடுக்காமலே சொல்லிவிடும். இன்னும் ஒரு படி மேலே, வீட்டில் ஏற்கெனவே உள்ள வைஃபை அலைகள் மனித உடம்பில் பட்டுச் சிதறுவதைக் கொண்டே ஆள் நடமாட்டத்தை அறியும் முறைக்கு 2025இல் பன்னாட்டுத் தரநிலை வந்துவிட்டது.

சட்டம் இந்த இடத்தில் பின்தங்கி நிற்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. தெருவை நோக்கிய வீட்டுக் கேமரா வெறும் வீட்டு உபயோகம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இலேயே சொல்லியிருக்கிறது. இங்கே, ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருப்பவரின் சம்மதமில்லாமல் வீட்டுக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. அந்த வழக்கில் கேமராவைக் கையால் சுட்டிக்காட்ட முடிந்தது. ரௌட்டரே உணரியாகிவிட்ட அடுக்குமாடியில், சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் படுக்கையறை வரை போகும் அலையை எதைக் காட்டி எதிர்ப்பது என்ற கேள்வி எந்த நீதிமன்றப் படியை முதலில் ஏறும் என்று பார்க்க வேண்டும்.